வராத கொட்டாவி

நாள் 412. காலை 6.10

வாகை வண்டி. செவ்வாய்க் குடியிருப்புக்குப் போகிற வழி. பேசுவது சோணைமுத்து, ஆட்டுப் பொறுப்பு.

ஆடு விழித்திருப்பது ஆறு. குளிர்ப்பெட்டியில் தூங்குவது நாற்பது. மனிதரில் விழித்திருப்பது நான் ஒருத்தன். கேப்டன் தேவசகாயம் அய்யாவும் டாக்டர் ரஹ்மத் நிஷாவும் பெட்டியில். தண்ணீர் சரி. காற்று சரி. தழைத்தொட்டி மூன்றில் நடுத்தொட்டி பழுத்துப்போனது. பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன்.

இதைப் பின்னால் கேட்கிறவர்களுக்கு ஒரு விவரம். நான் பேசுவதை இந்தக் கருவி நாள், மணி போட்டு எழுதிக்கொள்கிறது. எனக்கு எழுத்து தெரியாது. அது எழுதியது சரியா என்று பார்க்க முடியாது. என்னை ஏன் ஏற்றினார்கள் என்றால், பயிற்சி நிலையத்தில் படித்தவர்கள் ஆறு பேர் மாறி மாறிப் போட்டும் ஆடு தழையைத் தொடவில்லை. நான் போனால் தின்றது. என் நெஞ்சு குளிர்ப்பெட்டிக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதால் வழி முழுக்க விழித்திருக்கிறேன்.

இன்று சாயங்காலம் மூன்று ஆட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். ஆடு சரியாக எழுந்தால் அடுத்து கேப்டன். பிறகு டாக்டரம்மா. 440-ம் நாள் மதியம் வண்டியைத் திருப்பிச் செவ்வாயைப் பிடிக்க வேண்டும். அது கண்ணால் பார்த்துக் கையால் செய்கிற வேலை. பூமியில் இருக்கிற தரை நிலையத்திலிருந்து செய்ய நினைத்தால் ஒரு பேச்சு வரவே பதினாலு நிமிஷம் ஆகிறது. அந்த வேலை தெரிந்தவர்கள் பெட்டியில் இருக்கிற இரண்டு பேர்தான்.

நாள் 412. மாலை 5.40

மூன்று ஆடும் எழுந்தன. செவலை, கூழைக்காது, புள்ளிச்சி. செவலையும் கூழைக்காதும் கிழக்கு வரிசை. மூடி திறந்தபோது நான் அங்கே இல்லை, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புள்ளிச்சியை நானே முகத்துக்கு நேரே நின்று திறந்தேன். எனக்கு அப்போது கொட்டாவி வந்தது. விட்டேன். அதுவும் விட்டது, மூன்று தடவை, பல்லும் நாக்கும் தெரிய. மற்ற இரண்டும் விடவில்லை. எழுந்தன, தின்றன. அவ்வளவுதான்.

நாள் 415. காலை 9.20

செவலையும் கூழைக்காதும் செத்துப்போயின. மூன்று நாளும் நன்றாகத் தின்றன. ஆனால் ஒன்றை ஒன்று முட்டவில்லை. உப்புக்கட்டிக்குச் சண்டை போடவில்லை. இன்று காலையில் நெற்றியில் கை வைத்தால் தோசைக்கல். உடம்பு ஜில்லென்று இருக்கிறது. தலை மட்டும் கொதிக்கிறது. புள்ளிச்சி நன்றாக இருக்கிறது. என் துண்டைத் தின்னப் பார்த்தது.

தரைக்குச் சொன்னேன். அரைமணி கழித்து, அங்கே என் பேச்சைக் கேட்கிற ஹேமலதா அம்மா பதில்:

“ஐயா, குளிர்ல இருந்து எழும்போது மூளை சூடாகும். அது தெரிஞ்சதுதான். தானா தணிஞ்சிடணும், ஏன் தணியலன்னு பாக்குறோம். நீங்க கொட்டாவின்னு சொன்னது... கொட்டாவி ஏன் வருதுன்னே இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது ஐயா. காத்து போதாமன்னு முன்னே சொன்னாங்க, அது இல்லன்னு ஆயிடுச்சு. மூளைச் சூட்டைத் தணிக்கத்தான்னு சில பேர் சொல்றாங்க. எழுதி வச்சிருக்கேன். இன்னும் ஆறு ஆட்டை எடுத்துப் பாருங்க.”

நாள் 418. காலை 11.00

ஆறு ஆடு எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் மூடி திறக்கிற நேரத்தில் மூஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். எனக்கு அது கஷ்டமில்லை. பதினாலு மாதமாகப் பேச ஆளில்லை, ஒன்று விட்டால் பத்து வரும். ஆறும் விட்டன. ஆறும் பிழைத்தன.

நான் பார்த்த அளவில் கணக்கு இது. மூடி திறந்து நாலைந்து நிமிஷத்துக்குள் வர வேண்டும். அதற்குப் பிறகு நூறு விட்டுக் காட்டினாலும் ஏறாது. கிட்டத்தில் இருக்க வேண்டும். அது அறிந்த முகமாக இருக்க வேண்டும். இந்த ஆடெல்லாம் குட்டியிலிருந்து நான் வளர்த்தது, என்னிடமிருந்து அதற்குப் போகிறது. அதனிடமிருந்து எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஐம்பத்தெட்டு வருஷமாக ஆட்டோடு இருக்கிறேன், வந்ததே இல்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது.

ஹேமலதா அம்மா: “ஐயா, உங்க குறிப்பை மேல குடுத்தேன். சிரிச்சாங்க. நான் சிரிக்கல. கேப்டன் எழும்போது நீங்க பக்கத்துல இருங்க. உங்க இஷ்டப்படி செய்ங்க.”

நாள் 421. காலை 10.25

கேப்டன் அய்யா எழுந்துவிட்டார்.

நான் செய்ததை உள்ளபடி சொல்கிறேன். பெட்டியின் தலைமாட்டில் நின்றேன். மூடி திறந்தது. கண் திறந்தார். என்னைப் பார்த்தார். எனக்குக் கொட்டாவி நன்றாகக் கிளம்பி வந்தது. வந்த உடனே என் கை தானாகத் தோள் துண்டை எடுத்து வாயை மூடியது. தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது. துண்டுக்குள்ளே விட்டேன்.

பெரிய வீட்டு ஆட்கள் முன்னால் எங்கள் ஆட்கள் யாரும் வாயைப் பிளப்பதில்லை. எனக்கு ஏழு வயதில் பண்ணை வீட்டு வாசலில் அப்பன் புறங்கையால் வாயில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. பயிற்சி நிலையத்தில் அய்யாவும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். “வே சோணைமுத்து, கொட்டாவின்னா அந்தப் பக்கம் திரும்பி விடும். நீரு ஒண்ணு விட்டா மொத்த கிளாஸும் படுத்துருதுல்லா.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துண்டை எடுத்துவிட்டுத் திரும்பி இரண்டாவது விட முயன்றேன். வரவில்லை. அதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“எத்தனாவது நாளு?” என்று கேட்டார். சொன்னேன். “சரி” என்றார்.

நாள் 422. மதியம் 1.00

அய்யா வேலை பார்க்கிறார். வண்டி ஓட்டுகிற பலகையில் கை தவறவில்லை. சொல்கிறதைச் சரியாகச் சொல்கிறார். சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், போடாவிட்டால் கேட்கவில்லை. வீட்டிலிருந்து அவர் மகள் பேசியது பதிவாகி இருந்தது. போட்டேன். “டாடி, எனக்கு கிராமர்ல நூறு. நம்ம டைகர் செத்துட்டான். நீ அழாத” என்று இருந்தது. முழுக்கக் கேட்டார். நிறுத்திவிட்டு எரிபொருள் அளவைப் பார்த்தார்.

துண்டு விஷயத்தைச் சொன்னேன். ஆடு செத்ததையும் சொன்னேன்.

“அப்ப எனக்கு நாளக் கழிச்சு.”

“ஆமாம் அய்யா.”

“சரி வே. அந்தப் பலகைய உமக்குச் சொல்லித் தாரேன். உக்காரும்.”

கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாள் 423. மாலை 4.15

இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். பலகையில் எழுத்தும் எண்ணும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு எண்ணை நான் அடையாளம் கண்டு சொல்வதற்குள் நாலு எண் போய்விடுகிறது. வாயால் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் எனக்கு மனப்பாடம், இப்போது கேட்டாலும் தப்பில்லாமல் ஒப்பிப்பேன். அது போதாது. இடையில் இருபது முப்பது தடவை அவர் மூஞ்சிக்கு நேரே கொட்டாவி விட்டேன். துண்டைப் பெட்டியில் பூட்டிவிட்டேன். ஏறவில்லை.

டாக்டரம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சிவப்புக் கைப்பிடியை அய்யா காட்டினார். “எழுப்புற வேலை தொடங்குன பொறவு தப்பாத் தெரிஞ்சா இத இழும். நின்னுரும். திரும்பத் தொடங்க மூணு நாளு ஆவும். ரெண்டாந்தடவ நிறுத்த முடியாது.” மூணு நாள் என்று இரண்டு தடவை சொன்னார்.

நாள் 424. மாலை 3.05

கேப்டன் தேவசகாயம் இறந்துபோனார். நாற்காலியில் உட்கார்ந்தபடி. நெற்றி கொதித்தது. ஈரத்துணி போட்டேன், ஆவி வந்தது. 2.50-க்கு மூச்சு நின்றது. வெற்றுப் பெட்டியிலேயே கிடத்தினேன். அவர் சபையில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. பேரைச் சொன்னேன்.

ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

நாள் 429. காலை 10.10

எனக்குக் கொட்டாவி நின்றுவிட்டது. அய்யா போன அன்றிலிருந்து ஒன்றுகூட இல்லை. தூக்கம் வருகிறது, அசதி இருக்கிறது. தாடை திறக்கவில்லை. அழுகையும் வரவில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறதோ என்னவோ.

டாக்டரம்மாவை எழுப்புகிற வேலை 434-ல் தானாகத் தொடங்கும். 437-ல் மூடி திறக்கும். அப்போது அவர் முன்னால் நிற்கப்போவது நான் ஒருத்தன்தான்.

வராத கொட்டாவியை வந்தமாதிரி விட்டால் போதுமா என்று ஒரு ஆட்டை எடுத்துப் பார்த்தேன். மயிலை. வாயைப் பிளந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, சத்தமும் போட்டு விட்டேன். அது என் தொண்டைக்குள்ளே பார்த்தது. பிறகு தழையைப் பார்த்தது.

நாள் 432. காலை 9.00

மயிலை செத்தது.

நாள் 433. மதியம் 12.30

தரையிலிருந்து படம் அனுப்பினார்கள். நாற்பது பேர் வரிசையாகக் கொட்டாவி விடுகிறார்கள். கூலிக்கு விடுகிறவர்கள், பார்த்தாலே தெரிகிறது. எனக்கு வரவில்லை. இன்னொரு ஆட்டை எழுப்பி அதற்குத் திரையைக் காட்டினேன். அப்போதுதான் திறந்த கண்ணுக்குத் திரை வெறும் வெளிச்சம், முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கும் மூன்று நாள்தான்.

எனக்கு வர வைக்க என்னென்னவோ செய்தேன். இரண்டு நாள் தூங்காமல் இருந்தேன். நான் பார்த்த கொட்டாவியை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்தேன். அப்பன் விட்டால் தாடை ‘டக்’ என்னும். சின்னையா விட்டால் கடைசியில் தும்மலும் வரும். சங்கரன்கோயில் லாரி ஒன்றில் கிளீனர் விட்டான், டிரைவருக்குப் போனது, டிரைவரிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து மடியில் இருந்த நாய்க்குப் போனது. அந்த லாரியின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. கொட்டாவி மட்டும் வரவில்லை.

என் வீட்டுக்காரி மாரக்காள் குழந்தைக்குக் கண்ணேறு கழிப்பாள். உப்பும் மிளகாயும் சுற்றும்போது அவளுக்குக் கொட்டாவி மேல் கொட்டாவியாக வரும். கண்ணில் தண்ணீர் வரும். “எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாருங்க” என்பாள். ஆட்டு உப்புக்கட்டியில் ஒரு துண்டு உடைத்து டாக்டரம்மா பெட்டியை மூன்று தடவை சுற்றினேன். நின்று பார்த்தேன். பிறகு உப்பைத் திரும்ப ஆட்டிடமே வைத்தேன்.

நாள் 434. காலை 6.00

எழுப்புகிற வேலை தொடங்கிவிட்டது. பெட்டிக்குள் பச்சை விளக்கு.

நாள் 436. காலை 11.45

தரையில் பேச்சு மாறிவிட்டது. இன்று ஹேமலதா அம்மா இல்லை. ஒரு ஆண் குரல். பேர் சொல்லவில்லை.

“மிஸ்டர் சோணைமுத்து. டாக்டர் எழுந்து மூணு நாள் வேலை செஞ்சா போதும். 440-ல வண்டி திரும்பிடும். நீங்க பிழைப்பீங்க, ஆடு பிழைக்கும். கேப்டனுக்கு ஆனது இவங்களுக்கும் ஆகும்னு நிச்சயம் இல்ல. கைப்பிடியைத் தொடாதீங்க. இது உத்தரவு.”

மூணு நாள் போதும் என்கிறார். அவரும் கணக்குப் போட்டிருக்கிறார்.

நான் கேட்டேன். வண்டி திரும்பாவிட்டால் செவ்வாயில் இருக்கிறவர்கள் சாவார்களா? இல்லை, பால் கிடைக்காது, அவ்வளவுதான் என்று பதில். திரும்பாத வண்டி எங்கே போகும்? சூரியனைச் சுற்றிக்கொண்டு ஒன்பது வருஷத்தில் பூமிப் பக்கம் வரும். அப்போது இன்னொரு வண்டி விட்டுப் பிடிக்கலாம். பெட்டி அதுவரை தாங்குமா? முப்பது வருஷம் தாங்கும். விழித்திருக்கிறவனுக்கு? எட்டு மாதத்துச் சாப்பாடு, காற்று.

பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரம்மாவுக்கு முப்பத்து மூன்று வயது. ஏற்றுகிற அன்றைக்கு என் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டுவிட்டு, “மாமா, உங்க நெஞ்சு பழைய மோட்டாரு. நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆவாது. ஓட விடுங்க” என்றார். அது நினைவுக்கு வருகிறது. வருத்தமாக இருக்க வேண்டும். பல்லில் ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொடுகிறமாதிரி இருக்கிறது.

நாள் 437. காலை 9.30

மூடி திறக்க அரைமணி இருந்தது. விரல் அசைந்தது. கண்ணாடி வழியே முகம் தெரிந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான் வந்தது.

கைப்பிடியை இழுத்தேன்.

பச்சை விளக்கு போய் நீலம் வந்தது. விரல் நின்றது. திரும்பத் தொடங்கினால் 440-ல் மதியத்துக்கு முன்னால் எழுந்து உட்காரலாம். இன்று மதியம் வரைக்கும் நேரம் இருக்கிறது. அதுவரை கொட்டாவிக்குக் காத்திருக்கிறேன்.

நாள் 437. மதியம் 12.10

வரவில்லை. நேரம் முடிந்தது.

அந்த ஆண் குரல் நிறையப் பேசியது. கொலை என்று ஒரு சொல் வந்தது. எது என்று விளங்கவில்லை. திரும்பக் கேட்கவில்லை.

நாள் 440. மதியம் 12.00

திருப்ப வேண்டிய நேரம். பலகையில் சிவப்பு எழுத்து ஓடியது. ஒரு மணிச்சத்தம். பிறகு ஓய்ந்தது. ஆடு பதிமூன்றும் தழை தின்கின்றன. ஜன்னலில் ஒன்றும் மாறவில்லை.

நாள் 440. மாலை 5.50

ஹேமலதா அம்மா பேசினார். “ஐயா, ஒரு பதிவு அனுப்பறேன். இதை அனுப்பக்கூடாதுன்னு நிறுத்தி வச்சிருந்தாங்க. இப்ப யாரும் தடுக்கல.” அவ்வளவுதான் சொன்னார்.

பதிவில் ஒரு பெண் குரல். அப்படியே சொல்கிறேன்.

“மாமா, அஸ்ஸலாமு அலைக்கும். என் பேரு கதீஜா. நிஷாவோட லாத்தா, அவளுக்கு மூத்தவ. ரெண்டு நாளா இங்க ஒரு ரூம்புல உக்கார வச்சிருக்காங்க. தூங்கவும் விடல. நீங்க அவள எழுப்பணும்னு நான் அழுது சொல்லணுமாம். நாலு பக்கம் எழுதிக் குடுத்திருக்காங்க. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. நான் படிக்கமாட்டேன். கேப்டன் எப்படி மௌத்தானாருன்னு கேட்டேன், ஒருத்தரும் சொல்லல. அந்த ஹேமலதா புள்ளதான் கக்கூஸ் வாசல்ல வச்சுச் சொல்லிச்சு. மாமா, எழுப்பாதீங்க. அவ எம்புட்டு நாளானாலும் தூங்குவா. பரீட்சை அன்னைக்கே எழுப்ப முடியாது, எழுப்புனா உதைப்பா. நான் வாரேன். எத்தன வருசம்னாலும் நானே வந்து அவள...”

அங்கே நின்றது. ஒரு நீளமான மூச்சு. உள்ளே போய்க்கொண்டே இருந்தது. தாடை விரிகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக வெளியே வந்தது. “மன்னிச்சுக்கிடுங்க மாமா. கண்ணு சொக்குது.”

எனக்கு வந்தது.

காது அடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, கழுத்து நரம்பு இழுத்தது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. ஏழு வரை எண்ணினேன். ஆடு மூன்று என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டன.

இந்தப் பதிவு எந்தத் தேதி என்று தரையைக் கேட்டேன். அரைமணி ஆனது.

“436 ஐயா. காலை.”

436 காலை. மூடி திறக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. எழுப்பாதீங்க என்று அவள் சொன்னதால் நிறுத்தி வைத்தார்கள்.

நாள் 441. காலை 7.00

ஆடு பதிமூன்று. தண்ணீர் சரி. காற்று சரி. இப்போது டாக்டரம்மாவை எழுப்பலாமா என்று ஹேமலதா அம்மா கேட்டார். எழுப்பினால் எட்டு மாதம் இரண்டு பேருக்கு நாலு மாதம் ஆகும். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் இல்லை. வேண்டாம் என்றேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

நாள் 530. காலை 7.15

திருப்பாததால், குரலை வாங்கி அனுப்புகிற பேச்சுக்குடை பூமியை விட்டு விலகிப்போகிறது. ஹேமலதா அம்மா குரல் இன்று பாதிதான் வந்தது. “ஐயா, கேக்குதா, ஐயா” என்பது மட்டும் தெளிவாக இருந்தது. கேட்கிறது என்றேன். போய்ச் சேர்ந்ததா தெரியாது.

ஆடு ஒன்பது.

நாள் 668. காலை 8.40

பேச மூச்சு பிடிக்கிறது. ஆடு இல்லை. காற்று அளவு காட்டுகிற முள் அடியில்.

இந்த வண்டியைத் திறக்கிறவர்களுக்கு. இடது பக்கம் மூன்றாவது பெட்டி, நீல விளக்கு. உள்ளே இருப்பது டாக்டர் ரஹ்மத் நிஷா. உயிரோடு இருக்கிறார். மூடியை நீங்கள் திறக்காதீர்கள். எத்தனை படித்தவராக இருந்தாலும் திறக்காதீர்கள். மற்ற பெட்டியில் ஆடு இருபத்தொன்பது, அவற்றுக்கு நான் மட்டும்தான் தெரிந்த முகம், அவற்றை விட்டுவிடுங்கள்.

அவர் அக்கா பேர் கதீஜா. காயல்பட்டினம். இருப்பார். அவரைக் கூட்டி வாருங்கள். முகத்துக்கு நேரே, ஒரு முழத்துக்குள் நிறுத்துங்கள். முகத்திரை, கையுறை எதுவும்... வேண்டாம். நேரே.

காப்பி டீ கொடுக்காதீர்கள். நல்ல மெத்தை கொடுக்காதீர்கள்.

வருகிற வழி முழுக்க அவரைத் தூங்க விடாதீர்கள்.